தகுதியற்ற செலவுகள்

கோப்பு எழுநூற்றுப் பதினொன்று.
காக்ரேன் ஊர், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
பனிவண்டி உதிரிபாகக் கடை.
உரிமையாளர்: கிஸ்லேன் லக்ரூவா.
ஊழியர்கள்: அவரேதான்.
மாணவர்: ஷேடன் வெஸ்லி, பத்தொன்பது வயது,
மூசனியிலிருந்து ரயிலேறிப் படிக்க வந்தவன்.
திட்டம்: கடையை இணையத்தில் ஏற்றுவது.
பன்னிரண்டு வாரம்.

சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது எங்களுடையது.
ஆனால் முதலில் அவர் கொடுக்க வேண்டும்,
கொடுத்ததற்கு ரசீது வேண்டும்,
ரசீதுக்கு ஒரு படிவம் வேண்டும்,
பிறகுதான் நாங்கள்.
மழை விட்டபின் குடை நீட்டும் உத்தியோகம் என்று
நானே சொல்லிக்கொள்வதுண்டு,
மேலாளர் விடுப்பில் இருக்கும் நாட்களில்.

வேலைநேரத் தாளைத் திறக்கிறேன்.

ஜனவரி 8. பனி அள்ளினேன், 40 நிமிடம். படம் எடுத்தேன், 22 பொருள்.
ஜனவரி 9. பனி அள்ளினேன், 40 நிமிடம். பெயர் தேடினேன்.
ஜனவரி 10. பனி அள்ளினேன், 40 நிமிடம். இணையம் வரவில்லை. காத்திருந்தேன்.

மார்ச் கடைசிவரை இப்படியே.
எட்டு வருடமாக இந்தத் தாள்களைப் படிக்கிறேன்.
பனியே பெய்யாத நாட்டில் இருப்பதுபோலத்தான்
எல்லாரும் எழுதுவார்கள்:
வலைத்தள உத்தி, ஏழரை மணி.
வலைத்தள உத்தி, ஏழரை மணி.

விதி நான்கு, உட்பிரிவு இ:
இணையம் சாராத வேலைக்கு நிதியில்லை.
அறுபது நாள், நாளுக்கு நாற்பது நிமிடம்.
கூட்டினால் நாற்பது மணி.
சுளையாக ஒரு வாரம்.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
பின்னால் ஏதோ இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது.
'கணினி இருக்கும் அறைக்குப் போக
அந்தப் பாதை அவசியம் என்று
நீங்கள் கருதுகிறீர்களா?' என்றேன்,
வேலிக்கு அடியில் ஒரு சந்து காட்டுகிற குரலில்.
சிரித்துவிட்டார்.
'பனிக்கு வேறு பேர் வைக்கச் சொல்கிறீர்களா?
எழுதாதே என்றுதான் அவனிடம் சொன்னேன்.
அள்ளினேனே என்றான்.
கழித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் என் கணக்கு.'

வைக்கப் போனவர் வைக்கவில்லை.
'அந்தக் கட்டம் இருக்கிறதே, எத்தனை விற்றது என்று.
மூன்றா நான்கா?
ஒன்றை அவனே வாங்கினான்.'

அன்று மாலை அந்தக் கடைக்குள் போனேன்,
அலுவலக நேரம் முடிந்து, என் சொந்த போனில்.
எல்லாம் ஒரே நீலத் துணியின் மேல் கிடக்கின்றன,
திருகு, வளையம், வார், பல்சக்கரம்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுக்கு ஒரு ஐந்து காசு.
பொருள் 214:
பெயர் தெரியவில்லை. உள்ளங்கை அகலம்.
ஒரு காது வளைந்திருக்கிறது.
முதலாளி இதை 'அந்தச் சனியன்' என்கிறார்.
1987க்கு முந்தைய வண்டியில் பொருந்தலாம்.
பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.
எட்டு டாலர்.

விற்றுவிட்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரம்.
சட்பரியில் இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது வெள்ளை.
விடியும் முன் யாரோ அள்ளிவைத்த பாதையில் நடந்து,
காலணியைத் தட்டிவிட்டு,
இருக்கையில் அமர்ந்து,
நாற்பது மணி நேரத்தைக் கழித்தேன்.
விதி விதிதான்.
கை நடுங்கவில்லை. காபிகூடக் குடித்தேன்.

விற்பனைக் கட்டத்தில் நான்கு என்று போட்டேன்.
திரை சிவந்தது: ஆதாரம் இணைக்கவும்.

இணைத்தேன்.
பொருள் 214. நள்ளிரவு 12:14.
வாங்கியவர் எஸ். வெஸ்லி.
முழு விலை, தள்ளுபடி இல்லை.
அனுப்ப வேண்டிய முகவரி: மூசனி, மாமா வீடு.
குறிப்பு என்ற இடத்தில்,
கடைக்கு அவனே எழுதி,
மறுநாள் காலை அவனே படித்திருக்க வேண்டிய ஒரு வரி:

'வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன்.
வண்டியும்.'